வீட்டுக்காரர் மெத்தை

மகேஸ்வரி தும்மினால் மலைக்கோட்டைப் புறாக்கள் பழனி வரைக்கும் பறந்துவிட்டுத்தான் திரும்பும். இருமினாலோ, திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் டயர் வெடித்துவிட்டதென்று டிரைவர்கள் இறங்கிப் பார்ப்பார்கள். அதெல்லாம் போய், இப்போது மூச்சு விடவே இளைத்தது.

வீட்டு மெத்தைகளின் தூசியைத் தனித்தனிப் பொட்டலமாகக் கொண்டுவரச் சொல்லி, லென்ஸில் பார்த்தார் டாக்டர் வினிதா.

“உங்க மெத்தை சுத்தமா இருக்கும்மா. இந்தப் பொட்டலத்துலதான் பூச்சி கொதிக்குது. நம்ம உடம்புல உதிர்ற தோலைத் தின்னுதான் இதுக பிழைக்கும். ஆள் படுக்காட்டி ரெண்டு மூணு மாசத்துல செத்துரும். இது யாரு மெத்தை?”

“எங்க வீட்டுக்காரரோடது.”

“இனி அவரு அதுல படுக்க வேணாம். இன்னிக்கே எரிச்சிருங்க. இல்லாட்டி உங்க உசுருக்கே ஆபத்து.”

புருஷன் சடையாண்டி செத்து மூன்று வருடம் ஆகிறது. மெத்தையைச் சுடுகாட்டுக்கு அனுப்பாமல், அந்த அறையைப் பூட்டி, தாலி இருந்த கழுத்தில் சாவியைக் கோத்துப் போட்டிருந்தாள்; அவள்கூட அதில் படுத்ததில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மெத்தைக்கடை வீரப்பனிடம் போனாள்.

“என்னக்கா, பழசைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு தைக்கவா?”

“பழசு அப்படியே கெடக்கட்டும், அப்பு,” என்றாள் இளைப்போடு. “அதுக்குப் பக்கத்துல போட இன்னொண்ணு வேணும். அதே உயரத்துல.”