மின்மினிக் கரையில் வெளிச்சம் கூடாது

“டார்ச்சை அணைடி! மின்மினி பறக்கிற மாசத்துல கரையில விளக்கு கூடாதுன்னு தெரியாதா?”

சிகுசா சட்டென்று அணைத்தாள். கிகுயோ அத்தை அவள் கையைப் பிடித்து, இருட்டிக்கொண்டிருந்த நெல் வயல் வரப்பில் இழுத்துக்கொண்டு போனாள்.

“ஏன் அத்தை, இந்தத் தடவை மாப்பிள்ளை போட்டோவே காட்டலை?”

“காட்டிக் காட்டி என் கைதான் ஓஞ்சு போச்சு. பதினோரு பேரு! ஒருத்தனுக்கு மூக்கு கோணல், ஒருத்தனுக்கு முழி சரியில்லை. ஒரு பையனைப் பேரைக்கூடப் படிக்காம, ‘சட்டிப் பிடி மாதிரி காது’ன்னு திருப்பி அனுப்பிட்டே. இதையும் வேண்டாம்னு சொல்லு, அப்புறம் என் வீட்டுப் பக்கமே வராதே.”

சிகுசாவுக்கு முப்பத்திரண்டு வயது. தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, அலுத்துப் போயிருந்தது. அத்தையை விட்டால் அவளுக்காக அலைய ஆளில்லை.

கரையோர பெஞ்சிலிருந்து ஓர் உருவம் எழுந்து, குனிந்து வணங்கியது.

“சகுமாங்க. ஸ்கூல் பஸ் ஓட்டுறேன்.”

“பேசிட்டு இருங்க. என்னைக் கொசு பிடுங்குது” என்று அத்தை நழுவிவிட்டாள்.

ஆற்றுக்கு மேலே நூறு மின்மினிகள் ஒன்றாக எரிந்தன. ஒன்றாக அணைந்தன.

“பாருங்க, எப்படிச் சேர்ந்து அணையுது! என் பஸ்ஸுல பிள்ளைங்க ஒரு நாளாவது இப்படிச் சேர்ந்து வாயை மூடியிருக்குமா?”

சிகுசா சிரித்துவிட்டாள். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

சகுமா ஒரு சோற்று உருண்டையை நீட்டினார். “நானே பிடிச்சதுங்க.”

கடித்தவள் உப்புத் தாங்காமல், அவர் கொண்டுவந்திருந்த பார்லி டீயை அவசரமாக எடுத்துக் குடித்தாள். “சோத்தைப் பிடிக்கச் சொன்னா, கடல் தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கீங்களே!”

இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் புல்லிலிருந்த மின்மினிகள் எழும்பிப் பறந்தன. நேரம் போனதே தெரியவில்லை. இவர் முகம் எப்படி இருந்தால்தான் என்ன என்று சிகுசாவுக்குத் தோன்றியது.

“அடுத்த சனிக்கிழமையும் வரலாமாங்க?” என்று அவளே கேட்டாள்.

“அதுக்குள்ள மின்மினியெல்லாம் போயிடுமே?”

“பரவாயில்லை. சோறு இருக்கும்ல? உப்பு நான் போடுறேன்.”

பாலத்தைத் தாண்டியதும் பஸ் நிறுத்தத்து விளக்கு. இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தார்கள்.

இரண்டு பெரிய காதுகள். சட்டிப் பிடியேதான்.

சிகுசாவுக்கு மறைக்க மனம் வரவில்லை. “நான்... போன வருஷம் உங்க போட்டோவைத் திருப்பி அனுப்பிட்டேங்க. காது பிடிக்கலைன்னு.”

சகுமா அவள் முகத்தையே உற்றுப் பார்த்தார். பிறகு காதை மெல்லத் தடவிக்கொண்டார்.

“அதே வாரம் நானும் உங்க போட்டோவை உங்க அத்தைகிட்ட திருப்பிக் கொடுத்தேங்க... ‘இந்தப் பொண்ணுக்குச் சிரிக்கவே வராது போல’ன்னு!”