முந்திக்கொள்ளும் காது

வார இதழ்களுக்குத் துணுக்கு எழுதும் தணிகைவேலின் மனைவி சுகந்தி, பக்கவாதம் வந்ததிலிருந்து ஒரு காதுக்கருவியை நம்பியே இருந்தாள். எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்குள் மீதி வாக்கியத்தை அது அவள் காதில் சொல்லிவிடும். கழற்றினால் யார் பேசுவதும் புரியாது.

அன்றிலிருந்து அவருடைய ஜோக் எதற்கும் அவள் சிரிக்கவில்லை. முடிவு முன்பே தெரிந்துவிட்டால் சிரிப்பு எப்படி வரும்? அவர் ஜோக்குகளைச் சுருக்கிச் சுருக்கி ஒரு வரியாக்கினார். கருவி அப்போதும் முந்தியது.

இன்னும் பத்து நிமிடத்தில் சுகந்திக்கு மூளை அறுவை சிகிச்சை. பிழைப்பது பாதிக்குப் பாதி என்றிருந்தார் டாக்டர். அதற்குள் ஒரே ஒரு தடவை அவள் சிரிப்பதைப் பார்த்துவிடத் தவித்தார் தணிகைவேல்.

"ஒருத்தன் பல் டாக்டர்கிட்ட போனானாம்..."

"டாக்டருக்கே பல் இல்லையா? காதுல வந்துடுச்சுங்க."

"சரி, இன்னொருத்தன் பொண்டாட்டிகிட்ட..."

சொல்ல வந்தது அவருக்கே மறந்துபோயிற்று. சுகந்தியின் காதிலும் எதுவும் வரவில்லை. அவள் கண்கள் விரிந்தன.

"அப்புறம்? என்ன சொன்னான்?"

"தெரியலடி," என்று தேம்பினார். "சத்தியமா தெரியல."

சுகந்தி வாய்விட்டுச் சிரித்தாள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றிய பிறகும் சிரிப்பு அடங்கவில்லை.

"இதையே எழுதி அனுப்பிடுங்க," என்றாள்.