வழிவிட்ட வண்டி

ஒன்பது நிமிடம் நிற்க வேண்டும் என்று கட்டுப்பாட்டு அறையிலிருந்து சொல்லிவிட்டார்கள்.

இருபத்தாறு வருடமாக இந்த ஊரில் மின்சார ரயில் ஓட்டுகிறவருக்கு, அந்த ஒன்பது நிமிடம் யாருக்காக என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நகரத்துக்கு வந்திருக்கும் தலைமைக் குருவை மைதானத்துக்கு அழைத்துப் போகும் ஸ்பெஷல் முதலில் போக வேண்டும். எல்லா நிலையத்திலும் நின்று நின்று போகும் இவருடைய வண்டி ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும்.

ஸ்பெஷலை ஓட்டிக்கொண்டு வருவது பூனை.

வண்டியைச் சத்தமில்லாமல் கொண்டுவந்து நிறுத்துகிறாள் என்று ஓட்டுநர் ஓய்வறையில் யாரோ வைத்த பெயர். சர்வீஸில் இவருக்குப் பதினோரு வருடம் இளையவள். இவர் மட்டும் பூனை என்று சொல்வதில்லை. ‘அந்தம்மா’ என்பார், அதுவும் யாராவது கேட்டால்தான்.

மூன்று வாரமாக ஓய்வறையில் வேறு பேச்சே இல்லை. அவளுக்குப் புதுச் சீருடை தைத்தார்கள். படம் எடுத்தார்கள். ஸ்பெஷல் ஓட்டுகிறவரின் குடும்பத்துக்கு மைதானத்தில் முதல் வரிசையில் நான்கு இடம். குருவின் கையால் ஆசி. எல்லோருக்கும் முன்னால் எழுந்துபோய் வாழ்த்துச் சொன்னவர் இவர்தான். சிரித்தபடிதான் சொன்னார்.

“மேலிடத்துல ஆள் இருக்கும்ணே அந்தம்மாவுக்கு” என்று ரயில் கார்டு ஒருவர் காதோரம் வந்து சொன்னபோது, இல்லை என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. இருக்கும் இருக்கும் என்று தலையை ஆட்டிவைத்தார்.

வயிறு எரிகிறது என்பதெல்லாம் சும்மா பேச்சுக்குச் சொல்வது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். நிஜமாகவே எரிந்தது. மனைவி அசிடிட்டி என்று மாத்திரை வாங்கிக் கொடுத்தாள்.

அந்த மனைவி இப்போது இதே வண்டியில், முதல் பெட்டியில் இருக்கிறாள். மைதானத்தில் கயிற்றுக்கு அந்தப் பக்கம் லட்சம் பேரில் ஒருத்தியாக நின்று எட்டிப் பார்க்கப் போகிறாள், முட்டி வலியோடு. “எங்க வீட்டுக்காரர்தான் ஓட்டுவார்” என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்தவள்.

பிளாட்பாரத்தின் இந்தப் பக்கம் இவர் வண்டி. அந்தப் பக்கம் ஸ்பெஷல் போகவேண்டிய தடம். விஷயம் தெரிந்ததும் பெட்டிகளிலிருந்து ஜனம் பொலபொலவென்று இறங்கி அந்தப் பக்கத்து விளிம்புக்குப் போய்விட்டது. போலீஸ்காரருக்கு விசில் ஊதி ஊதிக் கன்னம் வலித்ததுதான் மிச்சம்.

இவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கடிகாரத்தைப் பார்த்தார். ரெண்டு நிமிடமாவது பிந்தி வரட்டும்.

நொடி பிசகாமல் வந்தது.

வளைவில் திரும்பியதும் முதல் பெட்டியே தெரிந்தது. குரு நின்றுகொண்டிருந்தார். எண்பத்து மூன்று வயது. பெரிய கண்ணாடிக்குப் பின்னால், எதையும் பிடிக்காமல், இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு.

கூட்டம் இன்னும் ஓரடி விளிம்புக்கு நகர்ந்தது. இனி வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

ஒரே ஒரு குலுக்கல் என்று இவர் மனசு கேட்டது. சின்னதாக. அந்தக் கைகள் கண்ணாடியில் போய் ஊன்றுகிற அளவுக்கு.

கேட்ட மறுகணமே கூசிப்போனார். ஆனாலும் கேட்டாயிற்று.

இப்போ பிரேக் பிடிக்கணும் என்று வாய்க்குள் சொன்னார். அப்போதுதான் கவனித்தார்: இவர் சொல்வதற்கு இரண்டு நொடி முன்பே அவள் பிடிக்கத் தொடங்கிவிட்டிருந்தாள்.

குரு அசையவில்லை. அங்கியின் ஓரம்கூட ஆடவில்லை. நடக்கிற வேகத்துக்கு இறங்கிய வண்டி கூட்டத்தைப் பதமாகக் கடந்தது. ஓட்டுநர் அறையில் அவள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை, தண்டவாளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி ஒரு பார்வை பார்த்திருந்தால் திமிர் என்றாவது சொல்லிக்கொண்டிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல், எப்போது வேகம் எடுத்தது என்றே தெரியாதபடி வண்டி போய்விட்டது.

கூட்டம் கலைந்து திரும்ப ஏறத் தொடங்கியது. மனைவி நொண்டிக்கொண்டே இவர் ஜன்னலருகே வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

“முழுசாப் பாக்கக்கூட முடியலைங்க, ஒரு தடியன் முன்னாடி வந்து மறைச்சுட்டான். உங்களை விட்டுட்டு அந்தம்மா பேரை எந்தப் பாவி எழுதிக் குடுத்தானோ, அவன் கை வெளங்காமப் போக!”

“சரி, ஏறு. சிக்னல் போடப்போறான்.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெட்டிக்குப் போனாள். படியில் யாரோ கைகொடுத்து ஏற்றிவிடுவதை இவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஓட்டுநர்களில் இவர்தான் மூத்தவர் என்பதால், பெயர் எழுதவேண்டிய அந்தத் தாளைத் தலைமை ஆய்வாளர் ஒரு மாதத்துக்கு முன் மூடிய உறையில் இவரிடம்தான் கொடுத்திருந்தார். குரு உட்கார மாட்டாராம், வழி முழுக்க நின்றுகொண்டேதான் வருவாராம். யார் ஓட்டினால் தடுமாறாமல் நிற்பார்? ஒரே ஒரு பெயர். உங்கள் பெயராக இருந்தாலும் சரி.

இரண்டு நாள் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினார். தன் பெயரை எழுதியிருந்தால் ஏனென்று கேட்க ஒருவரும் இல்லை.

மூன்றாம் நாள் காலையில், பேனாவை இரண்டு தடவை திறந்து மூடிவிட்டு, அவள் பெயரை எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.