ஒரே பிளக்

மாவு அரைத்து விற்கும் வீடு. ஒரே அறை, ஒரே பிளக். அதில் எந்நேரமும் கிரைண்டர்தான். பக்கத்திலேயே பூங்கோதைக்குச் செல்போனில் வகுப்பு.

டீச்சர் கேள்வி கேட்டார். பூங்கோதை வாய் திறக்கவில்லை.

"பதில் தெரியாதா அவளுக்கு?" என்றது கிரைண்டர்.

"தெரியும். மைக்கைத் திறந்தால் உன் இரைச்சல் கேட்கும், கூடப் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று பயம்," என்றது செல்போன்.

கிரைண்டருக்குச் சுருக்கென்றது. அந்தச் சத்தம்தான் இந்த வீட்டுக்குச் சோறு என்று அதுவரை பெருமையாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் வகுப்பின் நடுவே கரண்ட் போனது. கிரைண்டர் நின்றது. பூங்கோதை சட்டென்று மைக்கைத் திறந்தாள்.

"டீச்சர், நான் சொல்றேன்." கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கத் தொடங்கினாள்.

"எனக்கு இருட்டிக்கொண்டு வருகிறதே," என்று முனகியது செல்போன். "காலையிலிருந்து பிளக்கை விட்டாயா நீ?"

திரை அணைந்தது. அவள் கண் திறக்காமல் சொல்லிக்கொண்டே போனாள். வீடு அவ்வளவு அமைதியாக இருந்ததால், கிரைண்டருக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.