கொட்டகைப் புகை

“இதுல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடும்மா. அந்தக் கொட்டாயை இழுத்து மூடணும்” என்றார் வாசலில் நின்ற பெரியவர்.

ரேணுகா காகிதத்தை வாங்கிப் படித்தாள். வெள்ளானூரில் அவள் குடியிருந்த அடுக்குமாடிக்குப் பின்னால், பழைய அலுமினியத்தை உருக்கும் கொட்டகை ஒன்று இருந்தது. அதை மூடச் சொல்லித்தான் மனு. பொழுது விடிந்தால் கரும்புகை கிளம்பிவிடும். வேலைக்காகக் கரூரிலிருந்து இங்கே வந்த எட்டு மாதத்தில், அவளுடைய நாலு வயது மகளை மூச்சுத்திணறல் என்று மூன்று தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது.

பெரியவர் தன் பெயர் பூபாலன் என்றார். ஊருக்குள் தலைமுறை தலைமுறையாக இருக்கும் குடும்பமாம். மனுவின் அடியில் அவர் கையெழுத்து மட்டும் இருந்தது.

“ஊர்க்காரங்க யாருமே போடலையே ஐயா?”

“போட மாட்டாங்கம்மா. அதான் உங்க ஃபிளாட்டாண்ட வந்தேன்.”

எல்லோருக்கும் பயம்போல என்று ரேணுகா நினைத்தாள். கொட்டகைக்காரன் ஆள் வைத்து மிரட்டினால் என்ன செய்வது என்று கேட்டாள்.

“அந்த மாதிரி ஆளு இல்லம்மா அவன். சொன்னாத்தான் கேக்க மாட்டான். நானும் சொல்லிப் பார்த்துட்டேன்.”

உள்ளறையில் மகள் இருமத் தொடங்கினாள். ஓயவே இல்லை. பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். ரேணுகா அதற்குமேல் யோசிக்கவில்லை. கையெழுத்துப் போட்டதோடு, அவரை அழைத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கினாள். பகல் சாப்பாட்டுக்குள் நாற்பத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

திங்கட்கிழமை மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். வித்யா என்ற அதிகாரி மனுவைப் பொறுமையாகப் படித்தார். கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்து, அந்தக் கொட்டகைக்கு அனுமதியே இல்லை என்றார். நாளைக்கே நேரில் வருவதாகவும், புகாரில் சொல்லியிருப்பது உண்மையென்றால் உலையை நிறுத்திவிடுவதாகவும் சொன்னார். ரேணுகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இனி ஜன்னலைத் திறந்து வைக்கலாம்.

வித்யா ஒரு படிவத்தை எடுத்து நிரப்ப ஆரம்பித்தார். வீட்டில் யாருக்காவது பாதிப்பு உண்டா என்று பெரியவரிடம் கேட்டார்.

“பையனுக்கும்மா. முப்பது வயசுதான் ஆவுது. ஒரு மாடி ஏறினா மூச்சு வாங்குது. இப்ப அந்தப் புகையை விட்டு வெளியே வந்துட்டா, நல்லாத் தேறிடுவான்னு டாக்டர் சொல்லிக்கீறாரு.”

“கண்டிப்பா தேறிடுவார்” என்ற வித்யா, அடுத்த கேள்விக்குப் போனார். “கொட்டகை உரிமையாளர் பேர் தெரியுமா?”

“சரண்.”

“அப்பா பேர்?”

“பூபாலன்.”

வித்யாவின் பேனா நின்றது. ரேணுகா சட்டென்று பெரியவர் பக்கம் திரும்பினாள்.

“எழுதிக்கம்மா” என்றார் பெரியவர். “அவன்தான் என் பையன்.”