ரூபனின் இடது தோள்

பிளஸ் டூ உடற்கல்விச் செய்முறைத் தேர்வில், பழைய மாணவர் ஒருவரின் ஓட்டம் பதிந்த உடையை அணிந்து அவரைப் போலவே ஓட வேண்டும். பிறகு அதிலுள்ள பிழையைத் திருத்தி மறுபடி ஓட வேண்டும். புதிய ஓட்டம் பதிவானதும் பழையது அழிந்துவிடும்.

குலுக்கலில் ஜெனிட்டாவுக்கு வந்தது அவளுடைய அண்ணன் ரூபனின் ஓட்டம். அவன் பிளஸ் டூவில் ஓடியது. அந்த வருடமே கடல் அவனைக் கொண்டுபோய்விட்டது.

உடை இழுத்த இழுப்புக்கு ஓடினாள். ஒவ்வொரு எட்டிலும் இடது தோள் சரிந்தது. கம்பி வேலிக்கு வெளியே நின்ற அம்மா மகளைப் பார்த்து, மகனைக் கூப்பிடுவதுபோல் “எய்யா!” என்றாள்.

“பிழை என்னம்மா?” என்றார் தேர்வாளர்.

“இடது தோள் சரியுது சார்.”

“திருத்தி ஓடு. இல்லன்னா ஃபெயிலு.”

“ஏளா, திருத்தாத!” அம்மா கத்தினாள். “அவன்னு மிச்சம் இருக்கதே அதுதான். அதையும் அழிச்சிராத.”

“அந்தத் தோளாலதானம்மா மாவட்டப் போட்டில தோத்தான்? வீட்டுல வந்து அழுதாம்லா?”

ஜெனிட்டா தோளை நிமிர்த்தி ஓடினாள். மற்றதெல்லாம் ரூபன்தான். அதே அகன்ற எட்டு, அதே தூக்கிய முகவாய். ஆனால் ரூபன் ஒருநாளும் இவ்வளவு வேகமாக ஓடியதில்லை. தேர்வாளர் மதிப்பெண் போட மறந்து நின்றார்.

மூச்சிரைக்க வேலியருகே வந்தாள். அம்மா கம்பி வழியே கையை விட்டு அந்தத் தோளைத் தொட்டாள்.

“ஏளா,” என்றாள், “அவன் வளந்துட்டான்.”