சும்மா நிற்கிற வண்டி

மெக்கானிக் ஷெட்டின் மூலையில் ஒரு சிவப்பு பைக் நின்றது. அதற்குக் கிளட்ச் பிளேட் மட்டும்தான் போயிருந்தது. புதுசுக்கு ஆர்டர் கொடுத்தாகிவிட்டது; வந்ததும் ஓட வேண்டியதுதான்.

முதல் வாரமே ஸ்பேனர் பக்கத்தில் வந்தது.

"அண்ணே, வெளியில ஒருத்தர் அவசரமா நிக்கிறாரு. உங்க செயினைக் கழட்டிக்கட்டுமா? புதுசு வந்ததும் மாட்டிடலாம்."

"நான் சும்மாதானே நிக்கிறேன், எடுத்துக்கோ," என்றது பைக்.

அடுத்து பிரேக் ஷூ போனது. பிறகு கார்புரேட்டர், அப்புறம் இரண்டு சக்கரமும். ஸ்பேர் கடைக்கு அலைகிற வழக்கமே ஷெட்டில் நின்றுபோனது.

"கடையில கேட்டா 'நாளைக்கு வா'ன்னு சொல்றான். உங்ககிட்ட கேட்டா உடனே கிடைக்குது, அதுவும் ஒரிஜினல்," என்றது ஸ்பேனர். பைக்குக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பார்சலில் கிளட்ச் பிளேட் வந்து இறங்கியது. பார்சலுக்குள் இருந்தபடியே, "என்னோட வண்டி எங்கே?" என்று கேட்டது.

மூலையில் வெறும் சேசிஸும் நம்பர் பிளேட்டும் கிடந்தன.

"இதோ, இங்கதான் இருக்கேன்!" என்று ஆசையாகக் குரல் கொடுத்தது பைக்.

ஸ்பேனர் பார்சலைப் பிரித்தது. கிளட்ச் பிளேட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூலைக்கு வந்து குரலைத் தாழ்த்தியது.

"அண்ணே, வெளியில ஒருத்தர் அவசரமா நிக்கிறாரு."